அடுக்கும் மாட்டேறும்: அடுக்குக்குறி விதிகளைச் சொல்லும் பாடநூல் தமிழ் குறித்த திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

அடுக்குக்குறி விதிகளைக் கொண்டு இயற்கணிதக் கோவைகளைச் சுருக்கும் பாடம், பள்ளிக் கணிதத்தில் மாணவர் பெரிதும் இடறும் இடங்களுள் ஒன்று. அவ்விடறலுக்குக் கணிதத்தின் கடுமையைக் காரணமாகச் சொல்வது வழக்கம். அவ்விதிகளைச் சொல்லும் தமிழ்த் தொடர்களின் அமைப்பும் ஒரு காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து. 'அடுக்கு' என்னும் சொல்லுக்கு இலக்கண மரபில் உள்ள பொருள், தமிழ்ப் பின்னப் பெயர்களின் புணர்ச்சி, 'மாட்டேறு' என்னும் நூற்பா உத்தி, 'என்பது' என்னும் சொல்லின் எல்லைகாட்டும் ஆற்றல் ஆகியன இங்குச் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அடுக்கு, அடிமானம், சுட்டி, மாட்டேறு, பின்னப் பெயர்கள், கணிதத் தமிழ்

முன்னுரை

தமிழ்வழியில் கணிதம் பயின்றவர் மேற்படிப்பில் இடறும்போது அப்பழி இரண்டில் ஒன்றன்மேல் விழுகிறது. மாணவருக்கு அறிவு போதாது என்பர். அல்லது தமிழுக்குச் சொல் போதாது என்பர். இவ்விரண்டுக்கும் இடையே பாடநூலின் வாக்கியம் என ஒன்று இருப்பதை எவரும் பொருட்படுத்துவதில்லை. கலைச்சொல்லாக்கம் குறித்துத் தமிழில் நிறையவே எழுதியுள்ளோம். அச்சொற்களைக் கோத்து விதியாகவும் வரையறையாகவும் ஆக்கும் தொடரமைப்பைத் திறனாய்வுக்கு உட்படுத்தியது குறைவு. ஒரு செய்யுளின் ஓரடியில் உருபு எங்கே தொக்கது என்று பக்கம் பக்கமாக வாதிடும் நாம், ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான சிறுவர் மனப்பாடம் செய்யும் ஒரு வாக்கியத்தில் வேற்றுமையுருபு எதைத் தழுவுகிறது என்று கேட்பதில்லை.

இளநிலையில் கணிதம் பயின்று, முதுநிலையில் தமிழுக்கு மாறிய இக்கட்டுரையாளர் சில ஆண்டுகள் மாலை நேரத்தில் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்குக் கணிதம் கற்பித்ததுண்டு. கீழே சுட்டப்படும் பிழைகள் அக்குறிப்பேடுகளில் திரும்பத் திரும்பக் கண்டவை. அவை புள்ளிவிவரம் அல்ல. ஆயினும் கணித ஆசிரியர் எவரும் அவற்றை உடனே அடையாளம் காண்பர். மாறிகளைக் குறிக்கப் பாடநூல்கள் உரோமன் எழுத்துகளை ஆள்கின்றன. இங்கு ப, ம என்னும் தமிழெழுத்துகள் ஆளப்படுகின்றன. வாய்விட்டு வாசிக்கும்போது தொடரின் போக்கு தெரியவேண்டும் என்பதே காரணம்.

எத்தனை முறை?

அடுக்குக்குறியை அறிமுகம் செய்யும் வரையறை வகுப்பறைகளில் ஏறக்குறைய ஒரே வடிவில் வழங்குகிறது: ஓர் எண்ணைத் தன்னைத்தானே இத்தனை முறை பெருக்கக் கிடைப்பது அவ்வெண்ணின் அத்தனையாவது அடுக்கு. இத்தொடரைச் சொல்லுக்குச் சொல் நம்பும் மாணவர் ஒருவரைக் கற்பனை செய்வோம். 5-ஐத் தன்னால் ஒருமுறை பெருக்குகிறார், 25 வருகிறது. இரண்டாம் முறை பெருக்குகிறார், 125. மூன்றாம் முறை பெருக்குகிறார், 625. ஆகவே 5³ = 625 என்று எழுதுகிறார். விடை தவறு; 5³ என்பது 125. ஆனால் தவறு மாணவருடையது அன்று. மூன்று ஐந்துகளைப் பெருக்க இரண்டே பெருக்கல்கள் தேவை. வரையறை பெருக்கல்களை எண்ணச் சொல்கிறது. குறியீடோ காரணிகளை எண்ணுகிறது.

பெரும்பாலான மாணவர் இப்பிழையைச் செய்வதில்லை என்பது உண்மையே. அதற்குக் காரணம் அவர்கள் வரையறையைப் படிப்பதில்லை, எடுத்துக்காட்டைப் பார்த்துப் போலச்செய்கிறார்கள் என்பதாகும். இது ஆறுதல் தரும் செய்தி அன்று. வாக்கியத்தை நம்பினால் தவறு, நம்பாவிட்டால் சரி என்னும் பாடத்தைக் கணித வகுப்பு முதல் நாளிலேயே கற்பித்துவிடுகிறது. 'அவ்வெண்ணை மூன்று முறை எழுதிப் பெருக்குக' என்று சொல்லும் ஆசிரியர்களும் உண்டு. அத்தொடர் குற்றமற்றது; ஏனெனில் அதில் 'மூன்று முறை' என்பது 'எழுதி' என்னும் வினையெச்சத்தைத் தழுவுகிறது, 'பெருக்குக' என்பதைத் தழுவவில்லை.

வியப்பு என்னவெனில், நாம் தெரிந்தெடுத்த கலைச்சொல்லிலேயே சரியான எண்ணிக்கைமுறை பொதிந்திருக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகார எச்சவியல் ஒரு சொல் அடுக்கி வருவதற்கு எல்லை வகுக்கிறது: இசைநிறை அடுக்குக்கு நான்கு, விரைசொல் அடுக்குக்கு மூன்று. 'பாம்பு பாம்பு பாம்பு' என அலறினால் அது மூன்றடுக்கு. அச்சொல் இரண்டு முறைதான் 'திரும்ப' வந்தது என்று எந்த உரையாசிரியரும் எண்ணமாட்டார். நிற்கும் சொற்கள் எத்தனையோ அத்தனையே அடுக்கு. ப ப ப என மூன்று காரணிகள் நின்றால் அது ப³. இலக்கணத்தின் அடுக்கும் கணிதத்தின் அடுக்கும் ஒரே வகையில் எண்ணப்படுபவை. இடையில் புகுந்த 'தன்னைத்தானே பெருக்குதல்' என்னும் தொடர்தான் கணக்கைக் குலைக்கிறது.

இன்னொன்றையும் சேர்க்கலாம். இரட்டைக்கிளவி பிரிந்திசைப்பதில்லை, அடுக்குத்தொடரில் உள்ள சொற்களைப் பிரித்தாலும் ஒவ்வொன்றும் பொருள் தந்து நிற்கும். கணிதத்தின் அடுக்கும் இரண்டாம் வகையினது. ப ப ப என்பதன் அருகே ப ப என்பதைக் கொண்டுவந்து வைத்தால் ஐந்து நிற்கின்றன. ப³ × ப² = ப⁵ என்பதற்கு இதற்குமேல் நிறுவல் வேண்டியதில்லை. 'அடிமானங்கள் சமமெனில் அடுக்குகளைக் கூட்டுக' என்னும் கட்டளை இக்காட்சியை முற்றாக மறைத்துவிடுகிறது. எதைச் செய்யும்போது கூட்டவேண்டும் என்னும் செய்தி அக்கட்டளையில் இல்லை. அதனால்தான் ப² + ப³ என்னும் கோவையைக் கண்டவுடன் பல மாணவர் ப⁵ என எழுதுகிறார்கள். அடிமானங்கள் சமமாகத்தானே இருக்கின்றன? ப = 2 எனில் முன்னது 12, பின்னது 32 என்று சரிபார்க்கும் பழக்கத்தைக் கட்டளை வாக்கியம் தூண்டுவதில்லை.

அடுக்கும் சுட்டியும்

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'அடுக்கு', 'அடிமானம்' என்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் 'சுட்டி', 'அடி', 'வலு' என்னும் சொற்கள் வழங்குகின்றன. இயற்கணிதம் அங்கே அட்சரகணிதம், கெழு அங்கே குணகம். இவ்வேறுபாட்டை வழக்கு வேறுபாடு என்று கடந்துவிடுவதே வழமை. ஆனால் இவ்விரு சொற்களும் இரு வேறு கருத்துருக்களைக் காட்டுகின்றன.

'அடுக்கு' நிற்கும் பொருள்களைக் காட்டுகிறது. 'சுட்டி' ஓர் இடத்தைக் காட்டுகிறது. 2, 3, 4 என முழு எண்கள் வரும்வரை அடுக்கு என்னும் படிமம் வலுவானது. அடுக்கு 1 ஆனதும் அது தடுமாறுகிறது; ஒரு சொல் தனியே நின்றால் எந்த இலக்கணமும் அதை அடுக்கு என்று சொல்வதில்லை. 0 ஆனதும் வெறுமையாகிறது. −3, ½ என வரும்போது படிமமே உடைந்துபோகிறது. அரை அடுக்கில் எதை அடுக்குவது? சுட்டிக்கு இத்தடை இல்லை. ஒரு வரிசையில் எந்த இடத்தையும் சுட்டலாம், தொடக்கத்துக்குப் பின்னால் உள்ள இடத்தையும் சுட்டலாம்.

கணித வரலாற்றில் சுழிய அடுக்கும் குறை அடுக்கும் இவ்வழியாகவே வந்தன. பிரெஞ்சுக் கணிதர் நிக்கோலா சூக்கே 1484-இல் எழுதிய கையெழுத்துப்படியில் மாறிலியைக் குறிக்க எண்ணின்மேல் 0 இட்டார். மைக்கேல் ஸ்டீஃபெல் 1544-இல் வெளியிட்ட நூலில் இரு வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அமைத்தார். ஒன்றில் −3, −2, −1, 0, 1, 2, 3 என எண்கள் ஒன்று ஒன்றாகக் கூடிச் செல்லும். மற்றொன்றில் ⅛, ¼, ½, 1, 2, 4, 8 என இரட்டித்துச் செல்லும். இவர்கள் எவரும் '2-ஐச் சுழியம் முறை பெருக்குவது எப்படி' என்று குழம்பவில்லை. வரிசையில் 1-க்கு நேரே நிற்கும் இடத்தை 0 என்று சுட்டினார்கள். இன்று நாம் எழுதும் மேற்குறி வடிவம் பரவலானது 1637-இல் தெகார்த் எழுதிய வடிவகணித நூலுக்குப் பிறகே. அவர்கூட வர்க்கத்துக்குப் பெரும்பாலும் எழுத்தை இருமுறை எழுதிவைத்தார். கனம் முதலாகவே எண்ணை மேலே ஏற்றினார்.

இரு சொற்களில் எது சிறந்தது என்பது தவறான கேள்வி என்றே தோன்றுகிறது. ஏழாம் வகுப்புக்கு அடுக்கு வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்குச் சுட்டி வேண்டும். ஒரு கரையினர் மற்றொரு கரையின் சொல்லை அறியாமலே கற்றுமுடிப்பதால் இவ்வாய்ப்பை இருவருமே இழக்கின்றனர். ('வலு' என்னும் சொல்லை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. இயற்பியலிலும் அங்கு அச்சொல்லே வழங்குவதால் ஒரு சொல் இரு பாரத்தைச் சுமக்கிறது.)

வர்க்ககனம் எத்தனை?

ப² × ப³ = ப⁵; (ப²)³ = ப⁶. முன்னதில் அடுக்குகளைக் கூட்டவேண்டும், பின்னதில் பெருக்கவேண்டும். மாணவர் இவ்விரண்டையும் மாற்றிப் போடுவது உலகெங்கும் உள்ள பிழை. இது வெறும் கவனக்குறைவு அன்று என்பதற்கு மொழி வரலாற்றில் நல்ல சான்று உண்டு.

கிரேக்கக் கணிதர் டயோஃபாண்டசின் நூலில் வர்க்கத்தின் பெயரையும் கனத்தின் பெயரையும் சேர்த்துச் சொன்னால் ஐந்தாம் அடுக்கு. அதாவது 2 + 3. வடமொழிக் கணித மரபில் 'வர்க்ககனம்' என்றால் ஆறாம் அடுக்கு. அதாவது 2 × 3. ஐந்தாம் அடுக்கைச் சொல்லவேண்டுமானால் பெருக்கற்பலன் என்னும் பொருளுடைய 'காதம்' என்னும் சொல்லை இறுதியில் சேர்த்து 'வர்க்ககனகாதம்' என்றனர். ஒரே வகைத் தொகைச்சொல்லை ஒரு மொழியினர் கூட்டலாகவும் இன்னொரு மொழியினர் பெருக்கலாகவும் விரித்திருக்கிறார்கள். முன்னதில் வர்க்கமும் கனமும் அருகருகே நிற்கின்றன; பின்னதில் வர்க்கத்தினது கனம் என ஒன்று மற்றொன்றுக்குள் நிற்கிறது. தமிழிலக்கணத்தின் சொற்களில் சொன்னால், முன்னது உம்மைத்தொகை, பின்னது வேற்றுமைத்தொகை. பிரமகுப்தர் கி.பி. 628-இல் இயற்றிய நூலில் ஐந்தாம் அடுக்குக்கு 'பஞ்சகதம்', ஆறாம் அடுக்குக்கு 'சட்கதம்' என எண்ணையே பெயராக்கி இச்சிக்கலைத் தவிர்த்திருக்கிறார்.

வகுப்பில் இவ்விரு விதிகளையும் 'முதலாம் விதி', 'மூன்றாம் விதி' என எண்ணிட்டுச் சொல்வதைவிட, 'வர்க்கமும் கனமும்', 'வர்க்கத்தின் கனம்' என்று வாய்விட்டுச் சொல்லவைத்தபோது குழப்பம் குறைந்ததைக் கண்டிருக்கிறேன். எட்டாம் வகுப்பு மாணவர்க்கு வேற்றுமைத்தொகையும் உம்மைத்தொகையும் தமிழ்ப் பாடத்தில் தெரிந்தவையே. ஒரே பள்ளியில், ஒரே நாளில், அடுத்தடுத்த பாடவேளைகளில் ஒன்றையே இருமுறை கற்கிறார்கள். அதை எவரும் அவர்களிடம் சொல்வதில்லை.

தமிழின் பின்னப் பெயர்கள் இதைவிட நெருக்கமான சான்று. அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம் என்று இறங்கும் வரிசை ½, ¼, ⅛, 1/16, 1/32 ஆகும். அதாவது 2-இன் குறை அடுக்குகள், −1 முதல் −5 வரை. இதில் 'அரைக்கால்' என்னும் பெயரைக் கவனிக்கவேண்டும். அது அரையும் காலும் கூடியது அன்று; அவை கூடினால் முக்கால். காலில் அரைப்பங்கு அரைக்கால். அடுக்குகளில் சொன்னால் −1, −2 ஆகியவற்றைக் கூட்ட −3, எனவே ⅛. கால்வீசம் என்பது −2, −4 ஆகியவற்றைக் கூட்ட −6, எனவே 1/64. சந்தையில் நின்று இப்பெயர்களைப் புழங்கியவர்கள் குறை அடுக்குகளின் பெருக்கல் விதியை நாவிலேயே வைத்திருந்தார்கள்.

கூட்டலைச் சொல்ல வேண்டியபோது மொழி வேறு வழி கண்டது: 'காலே அரைக்கால்' என்றால் ⅜. 'ஒன்றேகால்' என்று இன்றும் சொல்கிறோம். இடையில் வரும் ஏகாரம் எண்ணேகாரம். அது கூட்டற்குறியின் வேலையைச் செய்கிறது. ஆகப் பின்னங்களைப் பொறுத்தவரை, குறியின்றி அருகே நின்றால் பெருக்கல், ஏகாரம் பெற்றால் கூட்டல். இயற்கணிதத்திலும் இதுவே முறை: ப²ப³ என்று சேர்த்து எழுதினால் பெருக்கல், கூட்டலுக்குக் குறி வேண்டும். ப² + ப³ என்பதை ப⁵ என எழுதும் மாணவர், 'ஒன்றேகால்' என்பதைக் கால் என்று புரிந்துகொள்ளும் பிழையைச் செய்கிறார். ஆனால் கடைத்தெருவில் அவர் அப்படிச் செய்யமாட்டார்.

இவ்வொப்புமையை முழு எண்களுக்கு அப்படியே நீட்ட இயலாது என்பதையும் சொல்லவேண்டும். நூறாயிரம் பெருக்கல் (10² × 10³ = 10⁵); ஆனால் 'ஆயிரத்து நூறு' கூட்டல், பதின்மூன்றும் கூட்டல். அங்குச் சிறியது முன் நின்றால் பெருக்கல், பெரியது முன் நின்றால் கூட்டல் என வேறொரு நெறி செயற்படுகிறது. தொல்காப்பியம் குற்றியலுகரப் புணரியலில் எண்ணுப்பெயர்களுக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியிருப்பது ஒலி மாற்றங்களுக்காக மட்டுமே என்று கொள்வதா என்பது தனித்து ஆராயத்தக்கது.

சுழியமும் மாட்டேறும்

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒருநாள் கேட்டாள்: "எதையும் பெருக்கவே இல்லையென்றால் விடை ஒன்றும் இல்லை என்பதுதானே சரி? அது எப்படி ஒன்று ஆகும்?" 'ஒன்றும் இல்லை' என்பதிலும் 'ஒன்று' இருக்கிறதே என்று அன்று வேடிக்கையாகச் சொல்லித் தப்பினேன். அவள் சிரிக்கவில்லை.

வகுப்பில் வழங்கும் நிறுவல் இது: ப³ ÷ ப³ = 1. வகுத்தல் விதிப்படி அடுக்குகளைக் கழித்தால் ப⁰. எனவே ப⁰ = 1. இதில் மறைந்திருக்கும் தாவலைப் பார்க்கவேண்டும். வகுத்தல் விதி, மேலுள்ள காரணிகள் கீழுள்ளவற்றைவிட மிகுதியாக இருக்கும்போது பெறப்பட்டது. ஐந்திலிருந்து இரண்டை நீக்கினால் மூன்று நிற்கும், அவ்வளவே. மூன்றிலிருந்து மூன்றை நீக்கும் இடத்துக்கு அவ்விதி இன்னும் வரவில்லை. நாம்தான் அதைக் கொண்டுபோகிறோம். அதாவது ப⁰ = 1 என்பது கண்டுபிடிக்கப்பட்ட உண்மை அன்று; பழைய விதி புதிய இடத்திலும் முறியாமல் இருக்கவேண்டுமானால் ப⁰-க்கு எப்பொருள் தரவேண்டும் என்று எடுக்கப்பட்ட முடிவு. 1-ஐத் தவிர வேறு எதைத் தந்தாலும் விதி முறியும். அதுவே அம்முடிவின் நியாயம்; ஆயினும் அது முடிவுதான்.

நூற்பா மரபு இவ்வேறுபாட்டை நன்கறியும். நன்னூல் எண்ணும் முப்பத்திரண்டு உத்திகளில் ஏதுவின் முடித்தல் ஒன்று. ஓரிடத்து விதியை ஒப்புடைய வேறிடத்துக்கு மாட்டுவது மற்றொன்று. இப்பின்னதை உரையாசிரியர்கள் மாட்டேறு என்பர். மாட்டேற்றை ஏதுவின் முடிவாகச் சொல்வது இவ்விரண்டையும் குழப்புவதாகும். நம் கணிதப் பாடம் சுழிய அடுக்கில் அதைத்தான் செய்கிறது. 'நிறுவுக' என்று தலைப்பிட்டு மாட்டேற்றைக் காட்டுகிறது, கூர்ந்த மாணவர் இடறுகிறார், கூர்மையற்றவர் கடந்துபோகிறார். அம்மாணவி இடறியது அவளுடைய குறையால் அன்று.

வரையறையைச் சிறிது மாற்றினால் இவ்விடறலைப் பெருமளவு தவிர்க்கலாம். '1-ஐப் ப-ஆல் மூன்று முறை பெருக்குக' என்பது ப³. இத்தொடரில் 'முறை' பெருக்கலையே எண்ணுகிறது, கணக்கும் பிசகவில்லை. ஒருமுறையும் பெருக்காவிட்டால் தொடங்கிய 1 அப்படியே நிற்கும்; ஆகவே ப⁰ = 1. பெருக்குவதற்கு மாறாக வகுத்தால் குறை அடுக்கு. 1-ஐப் ப-ஆல் மூன்று முறை வகுத்தால் ப⁻³. ப சுழியமாயின் வகுக்க இயலாது என்னும் விலக்கும் தானே புலப்படும். ஒரே வாக்கியம் மூன்று இடங்களுக்கும் போதும். ½ போன்ற அடுக்குகளுக்கு இதுவும் போதாது. அங்கு மீண்டும் மாட்டேறு வேண்டும். அதை மாட்டேறு என்று வெளிப்படையாகச் சொல்லிச் செய்தால் போதும்.

அங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. எந்த எல்லைக்குள் விதி மாட்டப்படுகிறது என்பதைச் சொல்லாவிட்டால் விதி தன்னையே மறுக்கும். −8-இன் கனமூலம் −2. அடுக்கு ⅓ என்பதை 2/6 என்று எழுதி, முதலில் வர்க்கமாக்கிப் பின் ஆறாம் மூலம் கண்டால் 64-இன் ஆறாம் மூலம், அதாவது 2. ஒரே எண், ஒரே அடுக்கு, இரு விடைகள். பின்ன அடுக்குகளுக்கு அடிமானம் மிகை எண்ணாக இருக்கவேண்டும் என்னும் நிபந்தனை ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் இல்லை. பயிற்சி வினாக்களில் 'மாறிகள் யாவும் மிகை எண்கள்' என்று ஓரமாக அச்சிடுவதோடு நின்றால், அவ்வரி அச்சகத்தின் வழக்கம்போலத் தோன்றிவிடுகிறது.

அடைப்புக்குறியின் தமிழ்

முதுநிலை பயின்ற காலத்தில், பார்வையற்ற மாணவர் ஒருவருக்குப் பயிற்சித் தேர்வொன்றில் வினாக்களை வாசித்து, அவர் சொல்வதை எழுதும் பணியைச் செய்தேன். ஒரு வினாவில் 2ப³ என்று இருந்தது. 'இரண்டு ப-வின் கனம்' என்று வாசித்தேன். அவர் எட்டு என்று தொடங்கி விடையைச் சொல்லிக்கொண்டே போனார். அவர் கேட்டது (2ப)³. கணிதம் அறிந்தவனாக இருந்தும், தாளைப் பார்த்துக்கொண்டிருந்தும், என் வாசிப்பு இரு பொருள்படும் என்பது அவர் முடிக்கும்வரை எனக்கு உறைக்கவில்லை. விடைத்தாளில் அது அவருடைய பிழையாகவே பதிவாகியது.

ஆறாம் வேற்றுமையுருபு 'ப' என்பதோடு ஒட்டுகிறது. ஆனால் அது தழுவும் பகுதி 'ப' மட்டுமா, 'இரண்டு ப' முழுவதுமா என்பதைத் தொடர் காட்டவில்லை. −3² என்பதும் இவ்வாறே. 'குறை மூன்றின் வர்க்கம்' என்று வாசித்தால் கேட்பவர் 9 என்பார். தாளில் இருப்பதன் மதிப்பு −9. வர்க்கம் 3-ஐ மட்டுமே சாரும். குறைக்குறி வெளியே நிற்கிறது. எழுத்தில் இவ்வேறுபாட்டை அடைப்புக்குறி காட்டுகிறது. வாய்மொழிக்கு அடைப்புக்குறி இல்லை என்று எண்ணிவிடுகிறோம்.

தமிழில் அது உண்டு. 'இரண்டு ப என்பதன் கனம்' என்றால் (2ப)³. 'ப-வின் கனத்தைப் போல் இரண்டு மடங்கு' என்றால் 2ப³. 'என்பது' என்னும் சொல், தனக்கு முன் வந்த தொடர் முழுவதையும் ஒரு பெயராக்கி மூடிவிடுகிறது. அதன்பின் எவ்வுருபு வந்தாலும் அது முழுமையையே தழுவும். மூடும் அடைப்புக்குறியின் வேலை இதுதான். திறக்கும் அடைப்புக்குறிக்குச் சொல் இல்லை என்பது இதன் குறை. நீண்ட கோவைகளில் அது தொல்லை தரும். வாசிப்பவர் அங்குச் சிறிது நிறுத்தி ஓசையால் காட்டவேண்டும். ஆயினும் பள்ளித் தேர்வுகளில் வரும் கோவைகளுள் பெரும்பாலானவற்றுக்கு 'என்பது' போதுமானது. தேர்வுக்கூடங்களில் வாசிப்பவர்க்குத் தரப்படும் அறிவுறுத்தலில் இவ்வொரு சொல்லைச் சேர்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

'சுருக்குக'

எஞ்சியிருப்பது வினாச்சொல். 'சுருக்குக' என்னும் ஏவல் எதைச் செய்யச் சொல்கிறது? நீளத்தைக் குறைக்கவா, எளிமையாக்கவா, குறை அடுக்குகளை நீக்கவா? ஒரு கோவையை எடுத்துக்கொள்வோம்: (2ப³ம⁻²)³ ÷ 4ப⁴ம. இதில் 4ப⁴ம முழுவதும் வகுப்பான்.

முதலில், 'இரண்டு, ப-வின் கனம், ம-வின் குறை இரண்டாம் அடுக்கு ஆகியவற்றின் பெருக்கம் என்பதன் கனம்' என்று அதை விரித்து வாசிக்கவேண்டும். கனம் பெருக்கம் முழுவதற்கும் உரியது. எனவே கெழுவும் கனமாகிறது: 8. இங்கே 2-ஐ அப்படியே விட்டுவிடுவதுதான் மிகுதியான பிழை. மாணவர் விதியை அடுக்கு உள்ள உறுப்புகளுக்கே உரியதாக எண்ணுகிறார். 2-இன்மேல் அடுக்கு எழுதப்படவில்லை. ப³ என்பதன் கனம் ப⁹, வேற்றுமைத்தொகை போல ஒன்றனுள் ஒன்று. ம⁻² என்பதன் கனம் ம⁻⁶. இப்போது 8ப⁹ம⁻⁶ என்பதை 4ப⁴ம என்பதால் வகுக்க, 2ப⁵ம⁻⁷. ம-இன் அடுக்கு −6-இலிருந்து 1-ஐக் கழிக்க −7. வகுப்பானில் உள்ள ம-இன்மேல் எழுதப்படாத 1 இருப்பதை மறந்தால் −6 என்றே நின்றுவிடும்.

இது முடிந்த விடையா? 2ப⁵ம⁻⁷ என்று நிறுத்துவதும், பகுதியில் ம⁷ இட்டு 2ப⁵/ம⁷ என்று எழுதுவதும் மதிப்பில் ஒன்றே. 'மிகை அடுக்குகளால் விடையைத் தருக' என்று வினாவில் இல்லாதபோது முன்னதற்கு மதிப்பெண் குறைப்பது நியாயமன்று, குறைத்துக் கண்டிருக்கிறேன். ம⁻⁷ கீழிறங்கும்போது உடனிருக்கும் 2-ஐயும் சேர்த்துக் கீழே அனுப்பிவிடும் பிழையும் இங்கேதான் நிகழ்கிறது. குறை அடுக்கு ம-வுக்கு மட்டுமே உரியது. 2-க்கும் அதற்கும் தொடர்பில்லை.

சுருக்கும்போது இழப்பதும் உண்டு. தொடக்கக் கோவையில் ப சுழியமாக இருக்க இயலாது. அது வகுப்பானில் இருந்தது. 2ப⁵/ம⁷ என்னும் விடையைப் பார்ப்பவர் ப = 0 எனவும் இடலாம் என்று கருதுவார்; மறுப்பதற்கு அவ்விடையில் ஒன்றும் இல்லை. நன்னூல் நூலுக்குரிய அழகு பத்தனுள் சுருங்கச் சொல்லலையும் விளங்க வைத்தலையும் அடுத்தடுத்து வைக்கிறது. 'சுருக்குக, விடை எம்மதிப்புகளுக்குப் பொருந்தும் எனவும் கூறுக' என்று வினா அமைந்திருந்தால், ப, ம இரண்டும் சுழியம் அல்ல என்னும் வரியை மாணவரே விடையின் கீழ் எழுதியிருப்பார்.